வெயிலில் நின்று பார்த்து வாங்க வேண்டிய கைபேசி: களப்பணிக்கான தேர்வு குறித்து

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு தங்களுக்குக் கொடுத்திருந்த கைபேசிகளைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2019 வாக்கில் வழங்கப்பட்ட அந்தக் கருவிகளில் ரேம் 2 ஜிபி மட்டுமே இருந்தது. 2021 மார்ச்சில் அறிமுகமான போஷண் டிராக்கர் செயலியை அவற்றில் நிறுவினால் கைபேசி சூடாகிறது, நடுவில் நின்றுவிடுகிறது, பழுதானால் சரிசெய்யும் செலவும் தங்கள் தலையில் விழுகிறது என்பது அவர்களின் குறை. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிவேற்றுவது அவர்களின் அன்றாட வேலை. வேலை அப்படியே இருந்தது. அந்த வேலையைச் செய்வதற்காகக் கொடுக்கப்பட்ட கருவிதான் குறுக்கே நின்றது.

பணியாளர் கையில் கொடுக்கக் கைபேசி வாங்கும் எவரும் படிக்க வேண்டிய நிகழ்வு இது. வாங்கிய நாளில் அந்தக் கருவி மோசமானதாக இருந்திருக்காது; அன்றிருந்த செயலிக்குப் போதுமானதாகவே இருந்திருக்கும். ஆனால் களத்துச் செயலிகள் ஆண்டுதோறும் கனத்துக்கொண்டே போகும். முதலில் ஆர்டர் எடுப்பதற்கென்று வந்த செயலியில் பிறகு வருகைப் பதிவு சேரும், அதன்பின் கடை அலமாரியின் படம் சேரும், அடுத்த ஆண்டு முகத்தைக் காட்டி உள்நுழையும் வசதி சேரும். ஆகவே இன்றைய தேவையை மட்டும் அளந்து வாங்கினால் இரண்டாம் ஆண்டிலேயே கைபேசி மூச்சு வாங்கும். இன்றைய நிலையில் களப்பணிக்கு 6 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும் குறைந்தபட்சம் என்றே கொள்ளலாம். 8 ஜிபி கிடைத்தால் நல்லது. பெட்டியின் மேல் 'கூடுதல் 8 ஜிபி' என்று அச்சிடப்பட்டிருப்பது சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடுதான். உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

கைபேசி பற்றிய விளம்பரங்களும் ஒப்பீட்டுக் காணொளிகளும் பேசும் பயன்பாடு வேறு, களப்பணியாளரின் பயன்பாடு வேறு. டிஸ்ட்ரிபியூட்டரிடம் லைன் பார்க்கும் விற்பனைப் பிரதிநிதியையே எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு வருகை பதிந்ததிலிருந்து மாலை வரை ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்குக் கடை ஆர்டர் போட வேண்டும், பழைய பாக்கியைப் பார்க்க வேண்டும், யுபிஐயில் பணம் வந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும், புளூடூத் பிரிண்டரில் ரசீது எடுக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே மேலாளரின் அழைப்புகளும் வாட்ஸ்அப் குழுவின் செய்திகளும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். மருந்து நிறுவனப் பிரதிநிதி, நுண்கடன் நிறுவனத்தின் கலெக்‌ஷன் ஊழியர், உணவு கொண்டு சேர்ப்பவர், காப்பீட்டுச் சேதம் பார்க்க வருபவர் ஆகியோரின் நாளும் ஏறத்தாழ இப்படித்தான் ஓடுகிறது. விளையாட்டில் எத்தனை பிரேம் வரும் என்பதோ, 108 மெகாபிக்சலில் நிலவு எப்படித் தெரியும் என்பதோ இந்த வேலைக்குத் தேவைப்படுவதில்லை. ஒரு நாளில் இந்த வேலை எந்த இடத்தில் நின்றுபோகும், அதை எந்தக் கைபேசி தடுக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் வேலை நிற்கும் முதல் இடம் வெயில்தான். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடங்களில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. பிற நிறுவனங்களின் கையேடுகளிலும் ஏறத்தாழ இதே வரம்புதான். வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயில் காலத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. நேர் வெயிலில் வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசி அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். அந்த நிலையில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வெளிச்சத்தில் திரை தெரிய வேண்டும் என்பதற்காகக் கைபேசி தன் ஒளியைக் கூட்டுகிறது. கூடிய ஒளியும், ஓயாத ஜிபிஎஸ்ஸும், டவர் தேடலும் சேர்ந்து உள்வெப்பத்தை ஏற்றுகின்றன. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பாதுகாப்புக்காகக் கைபேசி தானாகவே திரையின் ஒளியைக் குறைக்கிறது, தன் புராசசரின் வேகத்தைக் குறைக்கிறது, சார்ஜ் ஏறுவதையும் மட்டுப்படுத்துகிறது அல்லது நிறுத்துகிறது. எந்த நேரத்தில் திரை பளிச்சென்று தெரிய வேண்டுமோ அதே நேரத்தில் அது மங்குகிறது. பிற்பகல் 3 மணிக்குக் கடை வாசலில் நின்று, இடது உள்ளங்கையைத் திரைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு, பணம் வந்த அறிவிப்பைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவர்களை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் காணலாம்.

திரையின் ஒளி 'நிட்' என்ற அளவில் சொல்லப்படுகிறது. இதில் விளம்பரம் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. பெரிய எழுத்தில் போடப்படும் 3000, 4500 போன்ற எண்கள் திரையின் ஒரு சிறு பகுதி, சில நொடிகள் மட்டும், குறிப்பிட்ட வகைக் காணொளியில் எட்டும் உச்சம். வெயிலில் முழுத் திரையும் எவ்வளவு ஒளி தரும் என்பது வேறு எண்; தொழில்நுட்ப விவரப் பட்டியலில் 'ஹை பிரைட்னஸ் மோட்' என்ற பெயரில் சற்றுத் தள்ளி இருக்கும். அது 1000 நிட் அளவில் இருந்தால் தெருவில் சமாளிக்கலாம். 500 நிட் அளவே தரும் மலிவு விலை எல்சிடி திரை குளிரூட்டிய கடைக்குள் கண்ணைப் பறிக்கும். நண்பகலில் சாலையில் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். வாங்குவதற்கு முன் காட்சிக்கு வைத்துள்ள கைபேசியைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க அனுமதி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறந்து, வெயிலில் சில நிமிடம் பிடித்திருந்தால் விவரப் பட்டியல் சொல்லாததும் தெரிந்துவிடும்.

பேட்டரியைப் பொறுத்தவரை 5000 எம்ஏஎச் இன்று சாதாரணம். சிலிக்கான் கார்பன் வகை பேட்டரிகள் வந்தபின் 6000, 7000 எம்ஏஎச் கைபேசிகளும் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. களப்பணிக்கு இந்தக் கூடுதல் அளவு உண்மையிலேயே பயன்படும். அதிவேகச் சார்ஜரைப் பற்றி எனக்கு அவ்வளவு மதிப்பில்லை, ஏனென்றால் வேகமாக ஏற்றுவதும் சூட்டோடு ஏற்றுவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன. லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடு. ஆனால் மதிய உணவு நேரத்தின் 20 நிமிடத்தில் பாதியளவு ஏற்றிக்கொள்ள முடிவது களத்தில் பெரிய உதவி என்பதையும் மறுக்க முடியாது. பவர் பேங்க் வாங்குவோர் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது, இழப்பும் போக, 6000 எம்ஏஎச்சை ஒட்டியே கையில் நிற்கும். 5000 எம்ஏஎச் கைபேசியை ஒன்றரை முறை நிரப்பினால் அதிகம்.

வெயிலும் சார்ஜும் கண்ணுக்குத் தெரியும் தடைகள். கண்ணுக்குத் தெரியாமல் வேலையையும் சில நேரம் சம்பளத்தையும் கெடுப்பது இன்னொன்று: பின்னணியில் ஓடும் செயலியைக் கைபேசியே கொன்றுவிடுவது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பயன்படுத்தாத நேரத்தில் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அதற்கு மேலாகப் பல நிறுவனங்கள், குறிப்பாகச் சீன நிறுவனங்கள், பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடுகளைச் சேர்த்துவைக்கின்றன. திரையை அணைத்துப் பையில் போட்ட சிறிது நேரத்தில் இடம் பதியும் செயலி நின்றுவிடும். பணியாளருக்கு அது தெரியவே தெரியாது. அலுவலகத்தின் வரைபடத்திலோ, திருமங்கலத்தில் காலை 10 மணிக்கு மறைந்த புள்ளி பிற்பகல் 1 மணிக்குச் சாத்தூரில் எழும். இடையில் விருதுநகரில் அவர் ஏறி இறங்கிய கடைகள் எதுவும் இருக்காது. மேலாளரின் பார்வையில் அவர் மூன்று மணி நேரம் வேலை செய்யவில்லை. பயணப்படி கிலோமீட்டர் கணக்கில் வழங்கப்படும் நிறுவனமானால் வரைபடத்தில் வளைந்து நெளிந்த சாலைக்குப் பதிலாக நேர்கோடு விழுந்து படியும் குறையும்.

இதற்கு ஆளை மாற்றத் தேவையில்லை, அமைப்பை மாற்றினால் போதும். செயலியின் பேட்டரிப் பிரிவில் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 'ஆட்டோ ஸ்டார்ட்' அனுமதி கொடுக்க வேண்டும், அண்மைச் செயலிகள் பட்டியலில் அதைப் பூட்டிவைக்க வேண்டும், இட அனுமதியை 'எப்போதும்' என்று வைக்க வேண்டும். கைபேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு இவை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டனவா என்று பார்ப்பதும் அவசியம். பத்துப் பேருக்கு மேல் களத்தில் வைத்திருக்கும் நிறுவனம், மொத்தமாக வாங்குவதற்கு முன் எண்ணியுள்ள மாடலில் ஒன்றை மட்டும் வாங்கி, தன் செயலியை நிறுவி, ஒரு வாரம் ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்த விமர்சனக் காணொளியும் சொல்லாத விவரம் அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும். நிறுவனப் பயன்பாட்டுக்கு ஏற்றவை என்று பரிந்துரைக்க கூகுள் 2018இல் தொடங்கிய 'ஆண்ட்ராய்டு என்டர்பிரைஸ் ரெகமண்டட்' பட்டியலில் உள்ள கருவிகளிலிருந்து தேடலைத் தொடங்குவதும் நல்ல வழி.

இடம் பதிவதில் துல்லியம் வேறு சிக்கல். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். சென்னை சௌகார்பேட்டையிலோ மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளிலோ செயற்கைக்கோள் அலை சுவர்களில் மோதித் திரும்பி வருவதால் புள்ளி அடுத்த தெருவில் போய் நிற்கும். 'கடையிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தால்தான் ஆர்டர் போட முடியும்' என்று செயலியில் வேலி போட்டிருந்தால் பணியாளர் கடைக்குள் நின்றுகொண்டே வெளியாள் ஆகிவிடுவார். செயற்கைக்கோள் அனுப்பும் எல்1 அலைவரிசையோடு எல்5 அலைவரிசையையும் பெறும் இரட்டை அலைவரிசைக் கைபேசிகள் இந்தப் பிழையைக் கணிசமாகக் குறைக்கின்றன. 2018இல் ஷாவ்மியின் மி 8 கைபேசியில் முதலில் வந்த இந்த வசதி இப்போது நடுத்தர விலைக்கும் இறங்கியிருக்கிறது. விவரப் பட்டியலில் 'எல்1+எல்5' என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

டவர் பற்றிச் சொல்லும்போது 5ஜி இருக்கிறதா என்பதைவிட எந்தெந்த அலைவரிசைகள் இருக்கின்றன என்பதைக் கேட்பதே சரி. குறைந்த அலைவரிசை அதிக தூரம் போகும், சுவரையும் எளிதில் தாண்டும். ஜியோவுக்கு 850, ஏர்டெலுக்கு 900, பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை ஊருக்கு வெளியே கைகொடுப்பவை. ஜியோ தன் 5ஜிக்கும் 700 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில் விற்கப்படும் மாடல்களில் இவை பெரும்பாலும் இருக்கும்; வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கைபேசியில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்க வாய்ப்புண்டு. மலைப்பகுதியிலோ தேரிக்காட்டுப் பக்கமோ வேலை என்றால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்கள் வேண்டும். அப்போதும் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு வரும் அழைப்பு பல கைபேசிகளில் கிடைக்காது என்பதை வாடிக்கையாளர் எண்ணைக் கொடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மேலும் யுபிஐ செயலி பதிவான சிம் அந்தக் கைபேசியிலேயே இருக்க வேண்டும் என்பதால் சிம்களை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் வசூல் நேரத்தில் காலை வாரும். டவரே இல்லாத இடத்தில் எந்தக் கைபேசியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆர்டரைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் செயலிதான் அங்கே தீர்வு.

மழைக்கும் தூசுக்கும் ஐபி என்ற தரக்குறியீடு இருக்கிறது. முதல் எண் தூசு, இரண்டாவது எண் தண்ணீர். ஐபி54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஐபி68இல் அதற்கு மேற்பட்ட ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். இந்தச் சோதனைகள் புதிய கருவியை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்யப்படுபவை. மீன்பிடித் துறைமுகத்தின் உப்புத் தண்ணீருக்கோ, ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு விரிந்த கைபேசிக்கோ அவை பொருந்தா. தண்ணீர் புகுந்தால் வாரண்டி பெரும்பாலும் கிடையாது என்பதையும் சிறிய எழுத்தில் காணலாம். ஐப்பசி மழையில் வண்டி ஓட்டுபவருக்கு ஐபி65 போதும். திரை நனைந்தால் விரல் பட்டதாக நினைத்துக் கைபேசி தானே எண்களை அழுத்தும் தொல்லைக்கு ஐபி எண் மருந்தல்ல. அதற்கு நீர் புகாத பவுச்சும் திரையைத் துடைக்க ஒரு பருத்தித் துணியும்தான்.

'ராணுவத் தரம்' என்ற அடைமொழியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைத் தொகுப்பு. சான்றிதழ் வழங்கும் அமைப்பு எதுவும் அதன் பின்னால் இல்லை. தொகுப்பிலுள்ள பல சோதனைகளில் தனக்கு வேண்டியவற்றைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். அதில் புகழ்பெற்ற விழும் சோதனையில் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுகிறார்கள். ஆனால் கான்கிரீட்டின் மேல் பரப்பிய ஒட்டுப்பலகையில் போட்டுச் சோதிப்பதும் உண்டு, 26 முறையையும் ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் இடமுண்டு. நம் தார்ச்சாலையில் ஒட்டுப்பலகை கிடையாது. உண்மையான முரட்டுக் கைபேசிகள் தனி வகை. 2024இல் வெளியான சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர் 7இல் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம், ஐபி68 தரமும் உண்டு. சிமெண்ட் ஆலை, கல்குவாரி, கிடங்கு, கடல் சார்ந்த வேலைகளுக்கு அத்தகைய கருவி கொடுத்த காசுக்கு உழைக்கும். கடை கடையாகப் போகும் பிரதிநிதிக்கு அதே பணத்தில் நல்ல திரையும் பெரிய பேட்டரியும் உள்ள சாதாரணக் கைபேசியை வாங்கி, மூலைகள் தடித்த உறையும் டெம்பர்ட் கிளாஸும் போட்டுக் கொடுப்பதே சிக்கனம் என்பது என் கருத்து.

இரு சக்கர வாகனத்தில் கைபேசியை மாட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிக ஆற்றலுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கேமராவின் அசைவுத் திருத்தப் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் வெளிப்படையாகவே அறிவித்தது. லென்ஸை நுட்பமாக அசைத்துப் படத்தை நிலைப்படுத்தும் வசதி எந்தக் கைபேசியில் இருந்தாலும் இதை மனதில் கொள்வது நல்லது. அதிர்வு தாங்கும் ரப்பர் அமைப்புள்ள ஹோல்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. களத்தில் கேமராவின் முதன்மையான வேலை காகிதத்தையும் பில்லையும் தெளிவாக எடுப்பது. தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) போய்விட்டால் எத்தனை மெகாபிக்சல் இருந்தும் எழுத்து படிக்க வராது.

கைபேசியோடு இணைக்கப்படும் பொருள்கள்தான் பல நேரம் ஆண்ட்ராய்டா ஐபோனா என்பதைத் தீர்மானிக்கின்றன. சந்தையில் கிடைக்கும் மலிவான 2 அங்குல ரசீது பிரிண்டர்களில் பல, பழைய வகை புளூடூத் இணைப்பில் இயங்குபவை; அவை ஆண்ட்ராய்டோடு உடனே சேரும், ஆப்பிளின் தனி அனுமதி பெறாதவை ஐபோனோடு சேரா. ஆதார் கைரேகை தேவைப்படும் வேலைகளில், உதாரணமாக வங்கி முகவர்களின் பணியில், கைபேசியிலுள்ள விரல்ரேகை உணரி உதவாது; ஆதார் ஆணையத்தின் எல்1 நிலைச் சான்று பெற்ற தனிக் கருவியைக் கைபேசியின் யுஎஸ்பி துளையில் செருக வேண்டும். அந்தத் துளை நாளெல்லாம் செருகிக் கழற்றப்படுவதால் அதுவே முதலில் தளரும் உறுப்பாகிறது. முகத்தைக் கொண்டு ஆதாரைச் சரிபார்க்கும் முறையில் இந்தத் தொல்லை இல்லை, கைபேசியின் கேமராவே போதும்.

கைபேசி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பேட்டரியைப் போலவே பாதுகாப்புப் புதுப்பிப்பும் முடிவுசெய்கிறது. பழைய ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கத் தொடங்கும்போது நல்ல நிலையிலுள்ள கருவியும் வேலைக்கு ஆகாததாகிவிடும். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பை அறிவித்தன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைபேசிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுப் புதுப்பிப்பும், 800 முறை சார்ஜ் ஏற்றிய பின்னும் 80 விழுக்காடு திறன் மிஞ்சும் பேட்டரியும் கட்டாயம். அந்த விதி இந்தியாவுக்குப் பொருந்தாது என்றாலும், எந்த மாடல் அங்கேயும் விற்கப்படுகிறது என்று பார்ப்பது தேர்வுக்கு உதவும்.

பழுதுபார்க்கும் இடம் எங்கே இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே தேட வேண்டும். பரமக்குடியில் வேலை செய்பவரின் கைபேசிக்கு மதுரையில்தான் அதிகாரப்பூர்வ சேவை மையம் என்றால், டிஸ்ப்ளே போன நாளோடு கொடுக்கவும் வாங்கவும் என இன்னும் இரண்டு நாள் கழியும். அமோலெட் திரையின் மாற்றுச் செலவு எல்சிடியைவிட அதிகம். நடுத்தர விலைக் கைபேசியில் அது கைபேசி விலையின் கணிசமான பங்கை விழுங்கும். இருபது பேருக்குக் கைபேசி வாங்கும் நிறுவனம் எல்லோருக்கும் ஒரே மாடலை வாங்கி, கூடவே ஒன்றிரண்டு உதிரியாக வைத்திருப்பது எந்தக் காப்பீட்டையும்விட விரைவான தீர்வு. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால், தொழிலுக்காக வாங்கியதென்ற அடிப்படையில், கைபேசிக்கான 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கணக்கில் எடுக்க முடியும் என்பதைச் சிறு வணிகர்கள் பலர் கவனிப்பதில்லை.

நடைமுறையில் இந்தச் செலவையெல்லாம் பல நிறுவனங்கள் பணியாளரின் சொந்தக் கைபேசி மீதே ஏற்றிவிடுகின்றன. 'உங்கள் போனில் இந்த ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்ற ஒற்றை வரியில் கருவி, டேட்டா, பேட்டரித் தேய்மானம் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. அப்படித்தான் நடக்கும் என்றால், ஆண்ட்ராய்டில் 2014 முதலே இருக்கும் 'ஒர்க் புரொஃபைல்' வசதியையாவது நிறுவனம் பயன்படுத்த வேண்டும். அலுவலகச் செயலிகள் தனி அறையில் இருக்கும்; சொந்தப் படங்களையும் செய்திகளையும் நிறுவனத்தால் பார்க்க முடியாது; பணி நேரம் முடிந்ததும் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தால் இடம் பதிவதும் நிற்கும். பணியாளர் வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் அழித்துக்கொள்ளலாம். கைபேசி தொலைந்தால், 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் செயல்படும் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில், அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அதை இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் முடக்க முடியும். அதற்குக் காவல்துறைப் புகாரின் நகல் தேவைப்படும், கையில் பில்லும் இருப்பது நல்லது. ஐஎம்இஐ எண்ணை அறிய *#06# என்று அழுத்தினால் போதும். அதைக் கைபேசி கையில் இருக்கும்போதே வேறோர் இடத்தில் எழுதிவைக்க வேண்டும்.